நோயாளி அசைந்தார்

மார்ச் 4, பூசான்

காலையிலிருந்து மழை. கடைசியாக வந்தவளுக்கு இருபத்தாறு வயது. கண்ணுக்கு லேசர் செய்து கண்ணாடியைக் கழற்ற வேண்டுமாம். கருவியில் அவள் தாடையை வைத்ததும் என் கை நின்றுவிட்டது. முன்தள்ளிய புருவ எலும்பு, உள்ளே புதைந்த கண்கள், குறுகிய இமைகள். இந்த முகம் எனக்குத் தெரியும். பெயரைப் பார்த்தேன். பியோன் சோ-ரின். கி-ஹ்வானின் தங்கை.

"எங்கண்ணனுக்கும் நீங்கதான் பண்ணீங்க டாக்டர். அவன் நடுவுல அசைஞ்சுட்டான்ல, அதான் கெட்டுப்போச்சு. நான் அசையவே மாட்டேன். வீட்ல இமைக்காம இருந்து பழகிட்டிருக்கேன்."

அளவு மறுபடி எடுக்கணும், திங்கட்கிழமை வா என்றேன். பொய்.

மார்ச் 5

கி-ஹ்வானின் பதிவேட்டை வெளியே எடுத்தேன். திறக்காமலே திரும்ப வைத்தேன்.

மார்ச் 6

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு. கி-ஹ்வான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்படிப் புதைந்த கண்ணில், விழியைப் பிடித்து நிறுத்தும் உறிஞ்சு வளையம் லேசில் உட்காராது. புருவம் இடிக்கும், இமை விலகிக் கொடுக்காது. இரண்டு தடவை நழுவியது. செவிலி ஓக் என் காதருகே சொன்னாள்: "விட்டுடலாம் டாக்டர். வளையமே வேண்டாத முறை இருக்கே, இன்னொரு நாள் அதுல பண்ணிக்கலாம்."

வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். மூன்றாம் தடவை அழுத்தினேன். லேசர் கருவிழியைப் பாதி வெட்டியிருந்தபோது வளையத்தின் பிடி விட்டுப்போனது. அவர் அசையவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தார்.

நோயாளி அசைந்தார் — இதுதான் பதிவேட்டில் நான் எழுதியது. ஏன்? பயம்தான், வேறென்ன.

இப்போது அவருக்கு அந்தக் கண்ணில் ஒவ்வொரு விளக்கும் சிதறித் தெரிகிறது. கிரேனில் ஏற்றுவதில்லை. கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார்.

மார்ச் 9

சோ-ரின் வந்தாள். உன் முகவாகுக்கு வளைய முறை வேண்டாம், கருவிழியின் மேற்படலத்தை மட்டும் நீக்கிச் செய்யலாம், நாலைந்து நாள் வலிக்கும், வேறு டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றேன்.

"ஏன், நீங்க பண்ண மாட்டீங்களா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இதை நான் போய்ச் சொல்ல மாட்டேன். அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

மார்ச் 10

விஷயம் தெரிந்து மருத்துவமனை இயக்குநர் கூப்பிட்டார். "வாயைத் தொறக்காதீங்க. வக்கீல் பார்த்துக்குவார்." மாலையில் கி-ஹ்வானுக்குத் தொலைபேசினேன்.

மார்ச் 13

கி-ஹ்வான் வந்தார். பதிவேட்டில் அந்த வரிக்குக் கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். மருத்துவத் தவறுகளை விசாரிக்கும் குழுவுக்கும் ஒரு நகல் போகிறது. இனி அறுவை அறைக்குள் எனக்கு வேலையில்லை, இயக்குநர் சொல்லிவிட்டார். கி-ஹ்வான் தாளைச் சாய்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால், இரண்டு முறை படித்தார். லிஃப்ட்வரை கூடப் போனேன்.

"அம்மா போன வருஷம் போய்ட்டாங்க" என்றார். "ஆஸ்பத்திரில கெடந்தப்பவும், 'ஒரு நிமிஷம் சும்மா கெடக்க முடியலையாடா உனக்கு'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. நானும் 'தப்புதாம்மா'ன்னு சொல்லிட்டே இருந்தேன்."

லிஃப்ட் வந்தது. ஏறிக்கொண்டார்.