கொட்டச்சேடு காபிக்கு மூன்று ஓலை

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

இன்றும் யாரும் வாங்கவில்லை. ஒண்டிக்கடைப் பக்கம் ஆண்டனி ராஜ் அண்ணனின் காட்டேஜுக்குப் போயிருந்தேன். அவருடைய இணைய முகவரி யாரோ ஓர் இலவசக் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, கோடும் எண்ணுமாக நம் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகிறது. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்குங்கண்ணா, இப்போது நீங்கள் இருப்பது அடுத்தவர் சுவரில் போர்டு மாட்டியது மாதிரி என்றேன்.

"அடுத்தவன் செவுத்துலதான் கண்ணு மாட்டியிருக்கறேன். அவன் ஒண்ணுஞ் சொல்லலியே!"

டீ கொடுத்தார். குடித்தேன். வேறென்ன செய்ய?

அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு வாடிக்கையாளராவது சிக்காவிட்டால் மிஷன் பள்ளி ஆபீஸில் கிளார்க் வேலை. பள்ளியை நடத்தும் சிஸ்டரிடம் பேசியும் வைத்துவிட்டாள். பெங்களூரு வேலையை உதறிவிட்டு, ஊர்க்காரர்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கலாம் என்று மலையேறி வந்தது ரசீது கிழிக்கவா?

ஏப்ரல் 24

அம்மா பீன்ஸ் நறுக்கும்போது அவளை உட்கார வைத்துத்தான் தினமும் ஒத்திகை. பெயர் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் மறக்கக் கூடாது. மற்றவன் வாங்குவதற்குள் வாங்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா கேட்ட ஒரே கேள்வி: "ஏஞ் சாமி, நீ சிஸ்டர் ஆபீசுக்குப் போறப்ப சேலைதான் கட்டோணுமா, சுடிதார் ஆகாதா?"

ஏப்ரல் 27, ஞாயிறு

கேட்டார்கள்! உட்கார்ந்து கேட்டார்கள்! பூசை முடிந்து மாதா கோயில் ஹாலில் மாதர் சங்கத்துக்கு வகுப்பு எடுத்தேன். கொட்டச்சேட்டில் விளையும் காபியை அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறவர்கள். தலைவி பிரிஸ்கில்லா அக்கா, ரப்பர் ஸ்டாம்பில் இருக்கும் சங்கத்தின் முழுப் பெயரையும் அப்படியே வைக்கலாமா என்றார். அதைப் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். பேசிப் பேசி 'கொட்டச்சேடு காபி டாட் காம்' என்று இறக்கிக் கொண்டுவந்தேன். போனில் தேடினேன். காலியாக இருந்தது!

இப்போதே வாங்கிவிடலாமா என்று கேட்டேன். அங்கேதான் வந்தது வினை. ஃபாதருக்கு அடுத்தபடி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பெரியநாயகம் ஐயா எழுந்தார்.

"மூணு ஞாயிறு ஓலை வாசிச்சுப் போடலாங்க. தடை ஏதாச்சும் இருந்தா முன்னாடியே வந்துரட்டும்."

கல்யாணத்துக்குத்தான் இப்படி மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்து, தடை உண்டா என்று கேட்டு ஓலை வாசிப்பார்கள். எங்கள் ஆட்கள் போன வருடம் அரவை மெஷினுக்கும் வாசித்தார்களாம். ஊருக்கே சொல்லிவிட்டு வாங்கப் போனால் கேட்டவன் முந்திக்கொள்வானே ஐயா என்றேன்.

"கோயில்ல கேட்டவன் திருடுவானா கண்ணு?"

நானாவது வாங்கி வைக்கிறேன் என்றதற்குப் பிரிஸ்கில்லா அக்கா விடவில்லை. "நீ வாங்கி எங்க தலையில கட்டிட்டீன்னு பேச்சு வரும். வேண்டாம்."

மே 4, ஞாயிறு

முதல் ஓலை. இரண்டு கல்யாணங்களுக்கு நடுவில் வாசித்தார். "கொட்டச்சேடு காபி டாட் காம், முதல் அறிவிப்பு. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்." பின் வரிசையில் சுற்றுலா வந்தவர்கள் போனை எடுத்தார்கள். எனக்குக் கடைசிப் பாட்டு பாட வாய் வரவில்லை.

மே 5

போச்சு. காலையில் தேடினால் விற்றுவிட்டது என்கிறது. வாங்கியவர் பெயரையும் மறைத்து வைத்திருக்கிறார்கள். அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! கேட்டாங்களா? கோயில்ல கேட்டவன் திருடுவானாம்! திருடிட்டான், நல்லா ஜெபம் பண்ணிட்டுத் திருடிட்டான்!

மே 6

பிரிஸ்கில்லா அக்காவிடம் சொன்னேன். "செரி கண்ணு. மீதி ரெண்டு ஓலையையும் வாசிச்சு முடிச்சரலாம். பாதியில நிறுத்துனா நல்லாவா இருக்குது?"

மே 11

இரண்டாம் ஓலை. கைவிட்டுப் போன பெயருக்கு.

மே 15

வேலைக்குச் சுடிதாரில் வர சிஸ்டர் சம்மதித்துவிட்டார். ரெண்டு செட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அழுகையாக வருகிறது.

மே 18, ஞாயிறு

மூன்றாம் ஓலை. உபதேசியார் "தடை ஏதேனும்" என்று ஆரம்பித்ததும் பெண்கள் பக்கம் ஒருவர் எழுந்து நின்றார்.

என் அம்மா.

"இருக்குதுங்க. அந்தப் பேரை நான் வாங்கிப் போட்டனுங்க."

பெரியநாயகம் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயகுமாரி, நீயா?"

"முதல் ஓலை அன்னிக்கு வெளியூர்க்காரங்க போன நோண்டறதப் பாத்தனுங்க. ஜாபெஸ் தம்பியோட ஜெராக்ஸ் கடைக்குப் போய் அன்னிக்கே வாங்கிட்டேன். இவதான் மத்தவன் வாங்கறதுக்குள்ள வாங்கோணும்னு தெனமும் காதத் தின்னாளே!"

சங்கத்துக்கே தருகிறாளாம். ஒரே நிபந்தனை, வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிஸ்கில்லா அக்கா அங்கேயே சரி என்றார். ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆசீர்வாதம் கொடுத்தார்.

வெளியே வந்து சண்டை போட்டேன். ரெண்டு வாரமாக நான் சோறு இறங்காமல் கிடந்தேனே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

"தடை சொல்ற நேரத்துலதான் சாமி தடை சொல்லோணும். மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

கட்டிக்கொண்டு அழுதேன். பாதி கோபம், பாதி சந்தோஷம்.

மே 23

ஆண்டனி ராஜ் அண்ணன் மூச்சிரைக்க வீட்டுக்கே வந்தார். அம்மா ஜாபெஸ் கடையில் நின்று, "அந்தக் காட்டேஜ் பேரு காலியாத்தான் இருக்குதா தம்பி?" என்று சத்தமாக விசாரித்தாளாம். அவள் முந்திக்கொள்வாளோ என்று உட்காராமலே அந்தப் பெயரை வாங்கிவிட்டுப் போனார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் போகவில்லை. நான் வரமாட்டேன் என்று சிஸ்டரிடம் சொல்லப் போன அம்மா, பள்ளிக்கும் இணையத்தில் நல்ல பெயர் ஒன்று பார்த்துத் தருவதாகப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

காலையில் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, என் லேப்டாப் பையில் தயிர் சோற்றை வைத்துக்கொண்டு கிளம்பினாள். தலைச்சோலையில் மிளகு விற்கிற அங்கப்பன் அண்ணனைப் பார்க்கவாம். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"நீ வேண்டாங் கண்ணு. நீ நொம்பச் சிரிச்சுப் பேசற, யாருக்கும் பயமே வரமாட்டேங்குது. ஊட்லயே இருந்து கம்ப்யூட்டர் வேலையப் பாரு."

பஸ் ஏறிப் போய்விட்டாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவள் திரும்புவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் பார்த்து வைக்க வேண்டும், வந்ததும் கேட்பாள்.