விழித்திரையைப் பார்த்துச் செய்த சிப்

செப்டம்பர் 3, செவ்வாய்

சிப் வந்துவிட்டது. நகத்தளவுதான் இருக்கிறது, மூன்று வருட வேலை. நம் விழித்திரை மாதிரி, வெளிச்சம் மாறினால் மட்டும் அதன் பிக்சல்கள் சேதி அனுப்பும். மாறாவிட்டால் சும்மா இருக்கும். கூட வேலை பார்க்கும் நெய்னா முகம்மது லேபில் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார்.

குடவாசலிலிருந்து அம்மா போன். "மலர் கண்ணுக்கு வைக்கறது வந்துடுச்சாடி?"

அது கேமராவுக்கு, கண்ணுக்கு இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? தங்கை மலரின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவோ விழித்திரை மாதிரி ஒன்று செய்கிறாள். அம்மா வேறு எப்படி நினைப்பாள்?

செப்டம்பர் 5

சிப்பைக் கேமராவில் பொருத்திப் பார்த்தோம். லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. எல்லா பிக்சலும் சேதி அனுப்பிக் கத்துகின்றன. அந்த இருட்டில் எது மாறியதாம்?

மலர் சொல்வாளே, கண்ண மூடினாலும் மினுக்மினுக்குன்னு வருதுக்கான்னு. அதேதான்.

செப்டம்பர் 14, சனி

நெய்னா கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு டிரான்சிஸ்டரில் மின்சாரம் கசிகிறது, அதனால்தான் சும்மாவே சேதி போகிறது. அந்த டிரான்சிஸ்டர் நான் வரைந்தது. "சிமுலேஷன்ல சரியாத்தாங்க இருந்துச்சு" என்றார், எனக்காக. இருந்து என்ன? அடித்து வந்த சிப்பைத் திருத்த முடியாது.

செப்டம்பர் 30

துறைத் தலைவர் வள்ளியம்மை மேடம் கூப்பிட்டார். "இன்னொரு தடவ சிப் அடிக்க நிதி இல்ல வேம்பு. ப்ராஜெக்ட்ட மூடிடலாம்மா."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 2, புதன்

வீட்டுக்கு வந்திருக்கிறேன். நடவு ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அம்மா வயலுக்குப் போனதும் மலரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி கேட்டாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் இப்போது தெரிகிறதாம்.

"அப்ப இன்னொண்ணு செய்ய மாட்டீங்களாக்கா?"

"மாட்டோம்."

"அது எனக்கு இல்லன்னு தெரியும். ஆனாலும் நீ அங்க என்னவோ செஞ்சுகிட்டிருக்கேன்னு நெனச்சா ஒரு இது."

என்ன இது? கேட்கவில்லை.

நவம்பர் 18

நெய்னா பெங்களூரு போய்விட்டார். எனக்கு முதலாமாண்டு வகுப்புகள் எடுக்கும் வேலை.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் லீவு. சாயங்காலம் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மலர் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"இருட்டுலயே உக்காந்திருக்கியேக்கா, லைட்டப் போடக் கூடாதா?"

டியூப்லைட் என் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது.

எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். மறுபடி போட்டேன்.

"போட்டுட்டேன்டி."

"ம்" என்றாள்.