பொத்தானில் இருந்த சந்தனம்

அத்தை,

நேற்று தக்கலையில் ஒரு லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் சந்தனம் மணத்தது. கடைக்காரர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பவர் பொத்தானைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இடுக்கில் நான்கு வருஷமாகக் காய்ந்து கிடந்த மஞ்சள் துணுக்கு ஈரம் பட்டதும் இளகிவிட்டது. அந்த மேசைக்கு முன்னால் எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்று நாளாக லேப்டாப் ஆன் ஆகவில்லை. காரணமும் எனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பு. "பொத்தான்ல சந்தனம் போயிருக்கு, அத மட்டும் சரி பண்ணுங்க" என்று அவரிடம் கறாராகச் சொன்னேன். வைத்தியருக்கே வைத்தியம் சொல்கிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அந்த நவராத்திரியும் உங்களுக்கு மறந்திருக்காது. அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களோடு என் லேப்டாப்பையும் பூசைக்கு வைத்தீர்கள். மிக்ஸியின் சுவிட்சில், மோட்டார் சுவிட்சில், ஸ்கூட்டரின் சாவித் துவாரத்தில் என்று வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து பவர் பொத்தானில் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தீர்கள். "கை முதல்ல படுற எடத்துல வைக்கணும் மக்களே" என்றீர்கள். உங்களுக்கு நான் எப்போதும் 'மக்களே'தான். நான் சிரித்தேன். அதுவரை நமக்குள் ஒரு மனக்கசப்பும் இல்லை.

விஜயதசமி காலையில் பூசைக்கு வைத்ததை எடுத்ததும் பத்து மணிக்கு எனக்கு நேர்காணல். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, துபாயில் ஒரு அலுவலகம். வீட்டிலிருந்தே செய்யலாம். அவர்களுக்கு விஜயதசமி ஏது? ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. சார்ஜரைச் செருகி அழுத்தினேன். விளக்குகூட எரியவில்லை. ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினேன். நீங்கள் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துத் தந்தீர்கள். தட்டச்சுத் தேர்வு என்பதால் போனில் ஒப்பேற்றவும் வழியில்லை. பூசை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்?

பன்னிரண்டு மணிக்கு, கோபத்தில் சார்ஜரைப் பிடுங்கி மறுபடி குத்தியபோது, அது தானாக உயிர் பெற்றது. "வந்துட்டா மக்களே?" என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தீர்கள். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"உங்க சந்தனத்தாலதான் என் வேல போச்சு."

நீங்கள் மறுபடி அடுக்களைக்குப் போய்விட்டீர்கள். சாயங்காலம் கொச்சியிலிருந்து பேசிய உங்கள் மகன், "விடு, அம்மை தெரியாம செஞ்சது" என்றார். நான் விடவில்லை. ஒரு மாதம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு உங்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். பிறகு பேசினேன், சிரித்தேன், உங்கள் தலையில் எண்ணெய்கூடத் தேய்த்துவிட்டேன். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னது நியாயம்தானே என்றிருந்தேன்.

அடுத்த அஷ்டமிக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே வரவில்லை. "இதுக்கும் வைக்கட்டா மக்களே?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். மறு வருஷமும் கேட்டீர்கள். அதற்கடுத்த வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டீர்கள். அப்போதும், "வேண்டாம் அத்தை" என்றேன். அந்த மார்கழியில் எங்களை விட்டே போய்விட்டீர்கள்.

நேற்று கடைக்காரர் பாட்டரியைக் கழற்றிப் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தார். பின்பு முழுதாகப் பிரித்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பொத்தான் நல்லாத்தான் இருக்கு, கேட்டீளா. சந்தனம் மேலோட நின்னுட்டு, உள்ள இறங்கவே இல்ல. சார்ஜர் குத்துத எடந்தான் ஆடிப் போச்சு." சாக்கெட்டை விரலால் தொட்டுக் காட்டினார். விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

நான் அந்த விஜயதசமிக் கதையைச் சொல்லி, அன்றைக்காவது சந்தனம்தானே என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

"பூசைக்கு வச்சப்ப பாட்டரில சார்ஜ் இருந்துதா?"

இல்லை. எதையும் முழுக்கச் சார்ஜ் செய்து வைக்கும் பழக்கம் எனக்கு ஏது?

"அப்போ அன்னைக்கும் இதுதான். சாக்கெட்டு ஆடினா ஒருக்க கிட்டும், ஒருக்க கிட்டாது. நீங்க திருப்பிக் குத்தினப்ப கிட்டிருக்கு. வயரப் புடிச்சு இழுக்குத பழக்கம் உண்டோ?"

உண்டு. கட்டிலிலிருந்து எழுந்தால் வயரோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவேன், சார்ஜர் சுவரிலிருந்து தானே பிடுங்கிக்கொண்டு வரும். "வயரப் புடிச்சு இழுக்காத மக்களே, பிளக்குத் தலையப் புடிச்சு பையப் பைய எடு." அயர்ன் பாக்ஸுக்கும் மிக்ஸிக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து தினமும் நீங்கள் சொன்னது. நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. லேப்டாப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

தப்பு என்னுடையது அத்தை. வேலை போனது உங்களால் இல்லை. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

புது சாக்கெட் போட்டாகிவிட்டது. இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, காலையில் பிளக்கின் தலையைப் பிடித்துப் பையப் பைய எடுத்தேன். இப்போதெல்லாம் எதையும் அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று கைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று அஷ்டமி. பூசைக்கு வைத்துவிட்டால் எடுக்கும்வரை ஒரு எழுத்தும் எழுதக் கூடாது என்பீர்கள். அதனால் இதை முதலில் எழுதி முடிக்கிறேன். சந்தனம் அரைத்தாயிற்று. உங்கள் கிண்ணம்தான். லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். மூன்று வருஷம் வாசலில் நின்று கேட்டீர்களே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

வையுங்கள் அத்தை. கை முதலில் படுகிற இடத்தில்.