கருப்பட்டியின் சைவ மூட்டை

எங்க போனாலும் எனக்கு முந்திப் போயி இடம் பிடிச்சு வைக்கிற என் அக்காவுக்கு,

உன் கருப்பட்டி நல்லா இருக்கா. இதை முதல்லயே சொல்லிருதேன். நீ உன் நாயைப் பத்தித்தான் முதல்ல கேப்பே, தங்கச்சியெல்லாம் அப்புறந்தான்.

ஆனா போன ஐப்பசியில அப்படி இல்லைக்கா. நீ போய்ச் சேந்த பிறகு அவளை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வந்ததுலேருந்து சொறிஞ்சுக்கிட்டே கிடந்தா. முதுகுல முடி கொட்டி, தோலு சிவந்து, பாக்கவே பாவமா இருந்தது. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சு, "ஏட்டி, அவளை மட்டும் கைவிட்டுராத"ன்னு நீ சொன்னது காதுக்குள்ளயே நின்னுது. நாயைத் தொட்டே அறியாதவ நான். உன் தங்கச்சி மாப்பிள்ளை வேற, "சஷ்டி முடியட்டும், சீவலப்பேரியில சித்தப்பா மகன் வயலுக்கு அனுப்பிருவோம்"னு முடிவே பண்ணிட்டாரு.

என்ன போட்டு வளக்கேன்னு கேட்டப்பல்லாம் "தயிர்ச்சோறுதாம்ட்டி"ன்னு சொல்லுவே. நானும் அதையே போட்டேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

சரின்னு ஜங்ஷன்ல நாய்த்தீனி விக்கிற கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி ரெண்டு மூட்டையை முன்னால வச்சாரு. ஒண்ணு தானியம் சேர்த்தது, இன்னொண்ணு தானியமே சேர்க்காதது. "அரிப்புன்னா தானியம் இல்லாததை வாங்குங்கம்மா. இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்காங்க"ன்னாரு. எனக்கு ஒரே யோசனை. தானியம் இல்லைன்னா உள்ள வேற என்ன இருக்கும்? பூராவும் கறிதான். சஷ்டி விரதம் இருக்கிற சைவ வீட்டுக்குள்ள அதைக் கொண்டு போக முடியுமா? மத்த மூட்டையில அரிசியும் மக்காச்சோளமும் அழகா படம் போட்டிருந்தது. அப்போ அது சைவம். எவ்வளவு கெட்டிக்காரி பாரு உன் தங்கச்சி!

அடுக்களையில இட்லி அரிசிக்குப் பக்கத்துல வச்சேன். அரிசி அளக்கிற உழக்காலயே அளந்து போட்டேன். கருப்பட்டி தட்டை நக்கி, தரையையும் நக்கி, அப்புறம் என் முகத்தை நிமிந்து பாத்தா. எனக்கு அழுகையே வந்துட்டு. "பாத்தேளா, சைவத்தை எப்படித் திங்குதா!"ன்னு அவர்ட்ட பெருமையடிச்சேன்.

ஆனா அரிப்பு நிக்கலை. அண்ணாச்சி பேச்சைக் கேக்காம போனது தப்போன்னு பயம் வந்துட்டு. மூட்டையையும் தூக்கிக்கிட்டு அவரும் நானும் ஆட்டோவுல மாட்டு டாக்டரம்மாட்ட போனோம். அவங்க வால் பக்கம் முடியை விலக்கிக் காட்டுனாங்க. தெள்ளுப்பூச்சி! "இதாம்மா அரிப்புக்குக் காரணம். தானியத்து மேல பழி போடாதீங்க. தானியம் ஒத்துக்காத நாய் அபூர்வம். தானியமில்லாத தீனியில சில நாய்களுக்கு இதயக் கோளாறு வருதோன்னு ஒரு சந்தேகம் வேற இருக்கு, முடிவாத் தெரியலை. இவளுக்கு இப்ப போடுறதே போதும்"னு சொல்லிப் பூச்சிக்கு மருந்து குடுத்தாங்க.

"அப்பாடா, சைவமே போதும்"னேன்.

அவங்க மூட்டையைத் திருப்பிப் பாத்தாங்க. "சைவமா? முதல்ல போட்டிருக்கதே கோழிதானம்மா. ரெண்டுலயும் கறி உண்டு. கூட தானியம் சேர்க்காங்களா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம்."

முருகா! விரதத்துல, அதே உழக்கால அளந்து சோறு பொங்கியிருக்கேன். இவர் சிரிச்ச சிரிப்புல அங்கன நின்ன மாடு திரும்பிப் பாத்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு நேரா கடையில போய் நின்னேன். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அண்ணாச்சி ஆட்டோவுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "இது பெரியம்மா வீட்டுக் கருப்பட்டில்லா? அவங்க தங்கச்சியா நீங்க? முதல்லயே சொல்லக் கூடாதா? அவங்க மாசாமாசம் இதே மூட்டைதான் வாங்குவாங்க. 'பேப்பரைச் சுத்திக் குடுங்க அண்ணாச்சி, என் தங்கச்சி கண்ணுல பட்டா என் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டா'ம்பாங்க"ன்னாரு.

அடி கள்ளி! தயிர்ச்சோறா போட்டே? நடுக்கடையில நின்னு சிரிக்கேன், கண்ணுல தண்ணி கொட்டுது. எனக்குப் பயந்தா இத்தனை காலம் ஒளிச்சு வச்சே? நான் அவ்வளவு பொல்லாதவளாக்கா?

இப்ப அவளுக்கு முடி நல்லா மொளைச்சிட்டு. சஷ்டி முடிஞ்சு எம்புட்டோ நாளாச்சு, சீவலப்பேரிப் பேச்சை யாரும் எடுக்கலை. அவரேதான் சாயங்காலம் அவளை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, தெருவுல பாக்கிறவங்கட்டல்லாம் என் சைவக் கதையைச் சொல்லிச் சிரிக்காரு. மூட்டையைப் பின்வாசலுக்கு மாத்திட்டேன், அதுக்குத் தனி உழக்கு. நம்ம வழக்கத்தை விட முடியுமா? ஆனா காலையில உலை வைக்கதுக்கு முந்தி அவளுக்குத்தான் முதல் அளவு.

நேத்து மூட்டை வாங்கப் போனப்போ அண்ணாச்சி பழக்கத்துல பேப்பரை எடுத்தாரு. வேண்டாம்னுட்டேன். கோழின்னு எழுதியிருக்க பக்கம் வெளிய தெரிய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் தெருவழியா நடந்து வந்தேன். கருப்பட்டி இருக்குற வரைக்கும் அப்படியேதான் வருவேன். இனிமே நீ எதையும் எனக்கு ஒளிக்க வேண்டாம்க்கா.

நீ பயந்து நடந்த உன் தங்கச்சி,
கோமு