கம்பின் மறுமுனை

சிங்கப்பூர்
6-9-1987

ஜெயசுதாவின் தாத்தாவுக்கு அம்சவள்ளி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஏரோப்ளேனில் எனக்குத் தலை சுற்றவில்லை, பக்கத்தில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் சுற்றியது. நான் கிளம்பும்போது நீங்கள் வயலை விட்டு வரவேயில்லை. போகட்டும்.

நம் மகன் அறிவுச்செல்வன் இருக்கும் அறையில் எட்டு ஆம்பளைகள். அதனால் ஆஸ்பத்திரிக்கு எதிரில், வெளியூர் நோயாளிகள் தங்கும் விடுதியில் என்னை வைத்திருக்கிறான். வேலை முடிந்து தினமும் வந்துவிடுகிறான். இங்கே எல்லோருக்கும் முகத்தில்தான் கட்டு. இந்தோனேசியாக்காரி ஒருத்திக்குத் தாடையில் ஆபரேஷன். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது, ஆனாலும் சாயங்காலம் சேர்ந்துதான் நடக்கிறோம். கள்ளக்குறிச்சி சந்தையில் முந்தானையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டே நடந்த எனக்கு, இங்கே மூட வேண்டும் என்றே தோன்றவில்லை.

தொடையில் தோல் எடுத்துக் கன்னத்தில் வைப்பார்களாம். கீழே இழுத்துக்கொண்டிருக்கும் இமையும் சரியாகி, தூங்கும்போது கண் மூடுமாம்.

ஒரு விஷயம். காயம் எப்படிப் பட்டது என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். மகன், "வெல்லப் பாகு ஊற்றும்போது குறுக்கே வந்துவிட்டார்" என்று எழுதப் போனான். பாவம், அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தவன், நீங்கள் சொன்னதுதானே அவனுக்குத் தெரியும். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். "அந்த எடத்தை வுட்று. உங்கப்பா எழுதுவாரு" என்றேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு காதை மூடிக் கட்டுப் போடுவார்கள். மூக்குக் கண்ணாடி மாட்ட முடியாது. இனி உங்கள் கடிதத்தை மகன்தான் படித்துக் காட்ட வேண்டும். அதை மனசில் வைத்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
அம்சவள்ளி

கச்சிராயபாளையம்
26-9-87

அம்சவள்ளிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரமாகச் சாலை மறியல். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. போலீஸ் வந்து போகிறது. நம் தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடம் மூடியதில் பேத்தி ஜெயசுதாவுக்குத்தான் கொண்டாட்டம். மலைப்பக்கம் மழை, கரும்பு நன்றாக இருக்கிறது. எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை, சீம்பாலும் ஜாஸ்தி.

படிவத்தில் தீக்காயம் என்று எழுதினால் போதாதா. பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது.

செல்லமுத்து

சிங்கப்பூர்
8-10-1987

ஜெயசுதாவின் தாத்தாவுக்கு,

எழுத்து மேலும் கீழும் போகும். கண்ணாடி இல்லாமல் கை போன போக்கில் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸில் என் எழுத்துதான் முதல் எழுத்து, தெரியுமில்லையா. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் கஞ்சிதான்.

உங்கள் கடிதத்தை மகன் படித்தான். எருமைக் கன்றுக்குக் கொடுத்த இடம்கூட எனக்கு இல்லை. "பழசுன்னா இன்னாம்மா?" என்று கேட்டான். ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். ஆனால் நான் சொன்னால் புருஷன்மேல் பெண்டாட்டி சொல்லும் புகாராகிவிடும். பதினெட்டு வருஷமாக ஊர் என்னைக் குறுக்கே வந்தவள் என்கிறது. என் மகனும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறான். காயத்தின் எரிச்சலைவிட எனக்கு அதுதான் பெரிசு.

ஊரே ரோட்டில் உட்கார்ந்து கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராமல் இந்த விடுதியை விட்டுக் கிளம்ப மாட்டேன். இங்கே கஞ்சியும் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்சவள்ளி

கச்சிராயபாளையம்
19-10-87

அம்சவள்ளிக்கும், இதைப் படிக்கும் அறிவுச்செல்வனுக்கும்,

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதுகிறேன்.

அந்தத் தை மாதம் நம் வெல்ல ஆலையில் ஆள் வரவில்லை. பாகு பதத்துக்கு வந்துவிட்டது, இறக்காவிட்டால் கருகிவிடும். கொப்பரையின் காதுகளில் கம்பு கோத்து, மறுமுனையைப் பிடிக்க உங்கம்மாவை நான்தான் கூப்பிட்டேன். மறுமுனையில் இருப்பவர் காலை ஊன்றிக்கொண்டு "சாய்" என்று சொன்ன பிறகுதான் தொட்டியில் சாய்க்க வேண்டும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அவள் சொல்லவில்லை. நான் அவசரத்தில் சாய்த்துவிட்டேன். அவள் முகத்தில் பாகு பட்டது.

அவள் குறுக்கே வரவில்லை. பொம்பளையைக் கம்பு பிடிக்க விட்டான் என்று ஊர் பேசுமே என்று நான் மாற்றிச் சொன்னேன். அவள் மறுத்துப் பேசாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

படிவத்தில் இதை எழுதிக்கொள்.

செல்லமுத்து

சிங்கப்பூர்
29-10-1987

ஜெயசுதாவின் தாத்தாவுக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி இரண்டு கண்ணையும் மூடித் தூங்கினேன்.

கடிதம் வந்த அன்று மகன் பாதியில் நிறுத்திவிட்டான். "மீதியையும் படி" என்றேன். படித்தான். அப்புறம் படிவத்தை எடுத்து, நீங்கள் சொன்னபடியே எழுதினான். வெளியே போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். என் டீயை ஆற்றிக் கொடுத்தான். பிறகு கேட்டான்:

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?"

பதினெட்டு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. ஏன் குறுக்கே போனாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"வலிச்சுதுடா" என்றேன்.

உங்கள்மேல் அவனுக்குக் கோபம் இருக்கிறது. ஒரு வருஷமாவது இருக்கட்டும், நான் சமாதானம் செய்யப் போவதில்லை. என் பங்குக் கோபம் கம்மியாகிவிட்டது.

பதினாலாம் தேதி காலை சின்னசேலத்தில் இறங்குகிறேன். கன்னம் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டது மாதிரிதான் இருக்கிறது, அழகு ஒன்றும் கூடிவிடவில்லை. அந்தத் தை மாதத்திலிருந்து எனக்கு வலது பக்கமாகவே நடந்து பழகிவிட்டீர்கள். ரயிலடியில் இடது பக்கம் வந்து நில்லுங்கள்.

அம்சவள்ளி