கோட்டோர் கரையில் இறைத்த தண்ணீர்

வின்டர்தூர்
03.08.2025

அன்பு மகள் வேணுகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கப்பல் விட்டு இறங்கி, ரயில் ஏறி, கை கால் சுகத்தோடு வீடு வந்து சேர்ந்துவிட்டோம். நீயும் மருமகன் திலக்சனும் மெல்பேர்ண் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நாள்தோறும் போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதுப் பழக்கம் என்று யோசிப்பாய். போனில் கதைக்கும்போது அப்பா இடையில் தலையை நீட்டுவார், நானும் கப்பல் நல்லது, சாப்பாடு நல்லது, அறை துப்புரவு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது அது இல்லை. வந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்கை கொள்ளவில்லை. அலுமாரியை மூன்று தரம் அடுக்கிவிட்டேன். எங்கள் நாள் எது என்று பாராமல் மேல்வீட்டுப் பெண்ணின் முறையில் கீழே பொதுச் சலவை அறைக்குப் போய் உடுப்புத் துவைத்து, அவள் மெஷினில் கடதாசி ஒட்டிவிட்டுப் போகிற அளவுக்கு வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் இந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த முதல் கடதாசி.

அப்பா பென்ஷன் எடுத்ததற்கு நீ ஆசையாய் எடுத்துத் தந்த பயணம், அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொரு வருடம் முதியோர் இல்லச் சமையலறையில் நின்ற மனிதரைச் சாய்கதிரையில் படு என்றால் எப்படிப் படுப்பார். முதல் நாளே சாப்பாட்டு மண்டபத்தில் சூப் அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லிக் கரண்டியைத் தான் வாங்கிக் கிண்டினார், வேலை செய்த பெடியன் பயந்துபோனான். நானும் திறமில்லைத்தான், அறையைத் துடைக்க வருகிற பிள்ளைக்கு வேலை இருக்கக்கூடாது என்று அவள் வருமுன் நானே துடைத்து வைத்தேன். ஒரு பிழை மட்டும் உன்னிலும் உண்டு, எங்களிலும் உண்டு. திகதி பார்த்து எடுத்தாயே தவிர, பஞ்சாங்கம் நீயும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் கோட்டோர் என்கிற ஊர். கப்பல் நடுத்தண்ணீரில் நின்றது, சின்னப் படகில்தான் கரைக்கு ஏற்றினார்கள். கடைசிப் படகு நாலு மணிக்கு, தவறினால் கப்பல் நிற்காது என்று நாலு பாஷையில் சொன்னார்கள். சுற்றிவர மலை, மலையில் ஏறுகிற கோட்டை மதில், உள்ளே ஒடுங்கின கல் ஒழுங்கைகள், ஒழுங்கைக்கு ஒழுங்கை பூனை. கரையில் கால் வைத்ததும் அப்பாவின் போன் உயிர் பெற்று, கோயில் குழுவில் இரத்தினம்மா அக்கா போட்டிருந்த செய்தி வந்தது, இன்றைக்கு ஆடி அமாவாசை, விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் மூன்று பெட்டி வந்திருக்கிறது, பிந்தாமல் வாருங்கள் என்று. தன் அப்பா செத்த நாளிலிருந்து ஒரு ஆடி அமாவாசைக்கும் விரதம் விடாத மனிதர் அன்று காலையில் பன்றியிறைச்சி போட்ட ஒம்லெட் இரண்டு சாப்பிட்டிருந்தார். முகம் செத்துப்போனது. வீட்டுக்குப் போய்க் கோயிலில் சொல்லி ஏதாவது செய்வோம் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

எங்களைக் கூட்டிப்போன பிள்ளை பதினான்காம் இலக்கத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே போனாள், எல்லோர் காதிலும் அவள் குரல் கேட்கிற கருவி. பெரிய தேவாலயத்துக்கு முன்னால் அப்பா தன் போனை என் பைக்குள் போட்டுவிட்டு, கழிவறைக்குப் போய் வருகிறேன் என்று போனார். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. கூட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது, என் காதில் இரைச்சல் மட்டும் வந்தது. பின்னால் ஓடிப்போய் அந்தப் பிள்ளையிடம் சொன்னால், உங்கள் கணவர் எங்காவது பியர் குடித்துக்கொண்டிருப்பார், வந்துவிடுவார் என்று சிரிக்கிறாள். வந்துவிடுவார் என்ற சொல் எனக்கு ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும். சண்டை முடிந்த நேரம் அம்மப்பாவை ஆமிக்காரர் மற்ற ஆண்களோடு பஸ்ஸில் ஏற்றினபோதும் விசாரித்துவிட்டு விடுவார்கள், வந்துவிடுவார் என்றுதான் அம்மம்மாவுக்குச் சொன்னார்கள். பதினாறு வருடமாகிறது.

போனில் இருந்த அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிக் கடை கடையாய்க் காட்டிக் கேட்டேன். மூன்றாவது கடையில் அப்படியே நின்றுவிட்டேன் வேணுகா. முகாம் முகாமாய் ஒரு படத்தோடு அலைந்தது என் அம்மா, இன்றைக்கு அது என் முறையோ என்று நினைத்தேன். நல்லகாலம், அடுத்த பேக்கரியில் இருந்த பெண் படத்தைப் பார்த்ததும் சிரித்தாள். முன்பு இங்கே சுவிஸில் சென்ட்காலனில் வேலை செய்தவளாம், ஜெர்மன் கதைத்தாள். அப்பாதான் சமையலறையில் கூட வேலை செய்த சேர்பியரிடம் பொறுக்கின பாஷையை, அந்த ஊரிலும் கிட்டத்தட்ட அதுதானாம், அவளிடம் அவிழ்த்திருக்கிறார். எள்ளுப் போட்ட வளையப் பாண் இரண்டு வாங்கிக்கொண்டு, சனம் குளிக்கிற இடம் எது என்று கேட்டு, கடலோரமாய் நடந்தாராம்.

நானும் நடந்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் அந்த வெயிலில், முழங்கால் நோவோடு. வெள்ளைக்காரர் துவாய் விரித்துப் படுத்திருந்த ஒரு கல் இறங்குதுறையில், இடுப்பளவு தண்ணீரில், காற்சட்டையும் பெனியனுமாய் உன் அப்பா. பாணிலிருந்த எள்ளை நகத்தால் சுரண்டிக் கடதாசிக் கோப்பையில் சேர்த்து வைத்திருந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். சொல்லிவிட்டுப் போனால் நாக்குத் தேய்ந்துவிடுமோ என்று கேட்டேன். சொன்னால் நான் விடமாட்டேனாம், அதுவும் உண்மைதான். முப்பத்தைந்து வருடமாய் றைன் ஆற்றிலும் குழாயடியிலும் தன் அப்பாவுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்தவர், அன்றுதான் உப்புத் தண்ணீர் கிடைத்ததாம், முழுகி எழும்பின பிறகும் வெளியே வர மனமில்லையாம். கோபத்தில் திரும்பி நடக்கப் போனபோது கோப்பையை நீட்டிக்கொண்டு மெதுவாய்க் கேட்டார்.

"கொஞ்சம் எள்ளு மிச்சமிருக்கு. மாமாவுக்கும் இறைக்கட்டே? நீ வேண்டாமெண்டா விடுறன்."

உனக்குத் தெரியும், இந்தக் கதையை எங்கள் வீட்டில் எவரும் எடுப்பதில்லை. அம்மப்பாவுக்குத் திதி இல்லை, படத்துக்கு மாலை இல்லை, ஆடி அமாவாசைக்கு அப்பா விரதமிருந்தால் எனக்கு விரதம் இல்லை. எள்ளு இறைத்தால் செத்தவர் என்று நானே சொன்னதாகும். அன்றைக்கும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஒரு மனிதரைத் தேடித் திரிந்ததில் எனக்குள்ளே ஏதோ களைத்துப் போயிருந்தது. அம்மப்பாவுக்கும் இப்போது எண்பத்தாறு வயதாகிறது, எங்காவது பசியோடு இருக்கிற ஆவியாய் விட்டேனோ என்ற எண்ணம் முதல் தடவையாய் வந்தது. ஆம்பிளைப் பிள்ளை இல்லாதவர், நான் ஒருத்தி.

"நீங்கள் வேண்டாம். நான் இறைக்கிறன்," என்று சொல்லி, செருப்போடு படியிறங்கிப் போனேன்.

மந்திரம் தெரியாது. பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், எள்ளையும் தண்ணீரையும் கையால் மூன்று தரம் விட்டேன். அப்பா பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழவில்லை, நேரம் மூன்றரை ஆகியிருந்தது. ஈர உடுப்போடு இரண்டு பேரும் ஓடின ஓட்டத்தில் கடைசிப் படகைப் பிடித்தோம், பதினான்காம் இலக்கப் பிள்ளை எங்களைப் பார்த்துத் தலையைத்தான் ஆட்டினாள்.

அன்றிரவு அப்பா நிம்மதியாய்க் குறட்டை விட்டார். எனக்குத்தான் தொடங்கியது. எங்கோ ஒரு சிறையில், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், நினைவு தப்பியாவது அவர் இருந்தால், உயிரோடிருக்கிற அப்பாவுக்கு எள்ளு இறைத்த மகள் ஆகிவிட்டேனே. இல்லாமல் போயிருந்தால், பதினாறு வருடம் தண்ணீர் காட்டாமல் வைத்த மகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் குற்றவாளி. அப்பாவிடம் சொன்னால், செய்தது சரி, இனி விடு என்கிறார். விட முடிந்தால் விடமாட்டேனா. முந்தாநாள் சுவிஸ் தேசிய தினத்துக்கு வெடி கொளுத்தினார்கள், வழக்கம்போல யன்னலைப் பூட்டிவிட்டுக் குளியலறையில் இருந்தேன், அங்கேயும் இதே யோசனைதான்.

நேற்று, சேர்ந்து கிடந்த தபால்களைப் பிரித்தபோது, காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம். சில வருடத்துக்கு ஒருக்கால் கேட்பார்கள், தேடலைத் தொடரவா, பைலை மூடவா என்று, இரண்டு சின்னக் கட்டம். மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அப்பா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு மற்ற அறைக்குப் போய்விட்டார். கடலில் எள்ளு இறைத்த அதே கையால், தொடரவும் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். சனம் கேட்டால் சிரிக்கும், ஒன்றில் அது, இல்லாவிட்டால் இது என்று சொல்லும். எனக்கு இரண்டும் வேண்டும். அதன் கீழே இன்னொரு கேள்வி, எனக்கு ஏதும் ஆகிவிட்டால் யாருக்கு அறிவிப்பது என்று. அந்த இடத்தில் உன் பெயரையும் மெல்பேர்ண் விலாசத்தையும் எழுதி, இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ ஓம் என்பாய் என்று தெரியும், ஆனால் அந்த ஓமை உன்னிடம் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையார் உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் காப்பாற்றட்டும், மனதில் நினைத்தது நடக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கோபத்தோடு படுக்கப் போகாதீர்கள். வேறு வீடு பார்க்கிறோம் என்று சொன்னாயே, மாறினால் புது விலாசத்தை உடனே அறிவி. எனக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும்.

என்றும் உன்னை நினைத்தபடி,
அம்மா
கு. பரமேஸ்வரி