கோமளாவின் தலைக்கு அரப்பு

ஆவணி, செவ்வாய்க்கிழமை. ஆம்பூர்.

விஷஜுரம் விட்ட பிறகு என் தங்கை கோமளாவுக்கு இன்றுதான் தலைக்கு ஊற்றினேன். நாளை குடியாத்தத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். உசிலை இலை அரப்பை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தேன். இடுப்பைத் தாண்டிய கூந்தல் பிடிபிடியாகக் கையோடு வந்தது. அவள் பார்க்காதபடி முந்தானையில் ஒளித்தேன்.

"இன்னாக்கா, கையை நிறுத்திட்ட?"

"தூள் திப்பியா இருக்குது. இரு."

திரும்பினாள். என் முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள். அழவில்லை.

"அவங்கள வர வேணாம்னு சொல்லிடுக்கா. மிச்சம் இருக்கறதுக்குத் தேச்சு விடு."

மிச்சத்துக்கும் தேய்த்துவிட்டேன்.

இப்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நாளைக்கு இவள் தலையில் வைக்க அம்மா மல்லிகைச் சரம் கட்டி, வாழையிலையில் மூடி வைத்திருக்கிறாள்.